எங்களுக்குத் தெரியாது

விடிவதற்கு முன்னால் நாங்கள் செய்கிற முதல் வேலை கையுறை ஊதுவது. முந்தின நாள் ஆபரேஷனில் டாக்டர் கழற்றிப் போட்ட ரப்பர் கையுறைகள் வாளித் தண்ணீரில் ஊறிக்கிடக்கும். ரத்தம் போக அலசி, உள்பக்கம் வெளிப்பக்கம் புரட்டி, வாயில் வைத்து ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று கன்னத்துப் பக்கம் பிடித்துப் பார்க்க வேண்டும். கசிந்தால் கன்னத்தில் சில்லென்று படும். கசியாததைக் கொடியில் காயப்போட்டு, பவுடர் தட்டி, ஜோடி சேர்த்து மடிக்க வேண்டும். வாய் நிறைய ரப்பர் நாற்றத்தோடும் டெட்டால் கசப்போடும்தான் எங்களுக்குப் பொழுது விடியும். அப்புறம் குடிக்கிற காப்பி என்ன ருசிக்கப் போகிறது?

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை ஒட்டி இருந்தது அந்த ஆஸ்பத்திரி. நான் சொல்வது தொண்ணூற்று நாலாம் வருஷத்துச் சங்கதி. எங்களைப் பார்த்தால் யாரும் நர்ஸ் என்றுதான் சொல்வார்கள். வெள்ளைச் சேலை, இறுக்கிப் போட்ட கொண்டை, இடுப்பில் கத்தரிக்கோல். நோயாளிகள் வாய்க்கு வாய் 'சிஸ்டர்' என்பார்கள். ஆனால் எங்களில் ஒருத்திகூட நர்ஸுக்குப் படித்தவள் கிடையாது. எல்லாரும் பத்தாம் வகுப்பு பாஸோ பெயிலோ ஆனவர்கள். ஒருத்தி ஊசி போடுவதைப் பார்த்து அடுத்தவள் பழகினாள், அவளைப் பார்த்து நான் பழகினேன். டாக்டர் வைகுண்டராஜ் எங்களைப் பற்றி வெளியே பேசும்போது 'என்னோட ஸ்டாஃப் நர்ஸ்கள்' என்பார். சம்பளம் போடும்போது மட்டும் நாங்கள் ஆயாக்கள்.

கருத்தம்மா நிஜமாகவே ஆயா. சோழபுரத்துக்காரி. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் அவள் கையில்தான். பிரசவத் துணி, ஆபரேஷன் துணி, சீழ் பிடித்த கட்டுத் துணி எல்லாவற்றையும் கொல்லையில் இருந்த பெரிய டிரம்மில் போட்டு வேகவைத்து, கம்பால் கிண்டி, கல்லில் அடித்துத் துவைப்பாள். எங்களுக்குள் வாயாடியும் அவள்தான். நான் கையுறை ஊதுவதைப் பார்த்தால், "ஏட்டி அழகுத்தாய், திருவிழாவுக்குப் பலூன் ஊதுறியா? நல்லா ஊது, விரல் அஞ்சும் வெறச்சு நிக்கட்டும்" என்று கேலி பண்ணுவாள். சிரிப்பில் ஊதின காற்றெல்லாம் போய்விடும். அந்த ஆஸ்பத்திரியில் சிரிக்கத் தெரிந்த ஒரே மனுஷி அவள்.

முன்னாலெல்லாம் விறகு வைத்துத்தான் டிரம்மைக் காய்ச்சினாள். ஸ்பெஷல் ரூம்காரர்களுக்குப் புகை வருகிறதென்று விறகை நிறுத்திவிட்டு, டாக்டர் ஒரு ஹீட்டர் கம்பியை வாங்கி டிரம்மில் தொங்கவிட்டார். ஆறு மாசத்தில் அதன் ஒயர் இரண்டு இடத்தில் பிய்ந்துபோனது. கறுப்பு டேப் சுற்றி ஒப்பேற்றினார்கள். டிரம்மைத் தொட்டால் கையில் சுருக்கென்று அடிக்கிறது என்று கருத்தம்மா சொன்னாள், நானும் போய்ச் சொன்னேன். "செருப்பைப் போட்டுக்கிட்டு வேலை பாக்கச் சொல்லு" என்று டாக்டர் முடித்துவிட்டார். துணி துவைக்கிற இடம் பூராவும் தண்ணீர். அங்கே செருப்பைப் போட்டால் வழுக்கி விழுந்து மண்டை உடையும்.

அந்த வருஷம்தான் மதுரைப் பயிற்சி வந்தது. இங்குள்ள மில்காரர்கள் தங்கள் ஆட்களை வைத்தியத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே அனுப்புவதாகப் பேச்சு நடந்தது. நின்றுபோன மூச்சையும் இதயத்தையும் திருப்பிக் கொண்டுவரப் பயிற்சி எடுத்து, சர்டிபிகேட் வாங்கின நர்ஸுகள் இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்களாம். மதுரையில் பெரிய டாக்டர்கள் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்து, பரீட்சை வைத்து, சர்டிபிகேட் தருகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எத்தனை பேர் எங்கள் கண் முன்னால் மூச்சு நின்று போயிருக்கிறார்கள். அப்போதெல்லாம் கால் பெருவிரலைப் பிடித்துவிட்டுக்கொண்டு டாக்டர் வரும் திசையைப் பார்த்து நிற்பதைத் தவிர வேறென்ன கண்டோம்?

நானும் தங்கபாயும் போய்க் கேட்டோம். தங்கபாய் வ. புதுப்பட்டிப் பெண், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வாயே திறக்காதவள், அன்றைக்கு எனக்கு முன்னால் அவள்தான் கேட்டாள்.

டாக்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சர்டிபிகேட் வாங்கிட்டு என்ன செய்வீங்க?"

"இங்கதான் சார் இருப்போம்."

"இப்படித்தான் சொல்வீங்க. வாங்கின மறுநாள் மதுரைக்கு பஸ் ஏறிருவீங்க. என் காசுல ஒங்களுக்கு நான் றெக்கை கட்டி விடணுமாக்கும்?"

"மூச்சு நின்னா நாங்கதான் சார் பக்கத்துல இருக்கோம்" என்றேன் நான்.

"என்னக் கூப்பிடத்தான் போன் இருக்குல்ல. போய் வேலையப் பாருங்க" என்றார்.

மதுரைக்குப் போனது யார் தெரியுமா? டாக்டரின் தம்பி மருமகள், மருந்துக்கடையைப் பார்த்துக்கொள்ளும் மச்சினன், அப்புறம் ரிசப்ஷனில் உட்காரும் அரவிந்தவல்லி. ஒரு இடம் மிச்சம் இருந்ததாலும், இங்கிலீஷில் பெயர் விலாசம் எழுத ஒரு ஆள் வேண்டுமென்பதாலும் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அரவிந்தவல்லி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் முதல் பஸ்ஸில் வருகிறவள். அப்பா ஆண்டாள் கோயிலில் ஊழியம். வீட்டில் வருமானம் என்று உருப்படியாக வருவது இவள் சம்பளம்தான். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிற ஜாதி என்று கருத்தம்மா அவளையும் கேலி பண்ணுவாள், அவளும் சிரித்துக்கொள்வாள். மூன்று சர்டிபிகேட்டையும் கண்ணாடி போட்டு டாக்டர் முன்ஹாலில் மாட்டினார். மில்காரர்கள் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி மாசம், இரண்டு நாளாய் விட்டு விட்டு மழை. அன்றைக்குக் காலையில் நான் கையுறைகளைத் தாழ்வாரத்துக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தேன். கொல்லையில் கம்பு கீழே விழுகிற சத்தம் கேட்டது. வேறு சத்தமே இல்லை, கத்தக்கூட இல்லை. எட்டிப் பார்த்தால் கருத்தம்மா டிரம்மைப் பிடித்தபடி நின்றாள். நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன். கை விலகவில்லை, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் சோலைச்சாமி ஓடிப்போய் மெயினை அணைத்தார். அணைத்ததும் அவள் அந்தத் தண்ணீரிலேயே சாய்ந்தாள்.

நாங்கள் யாரும் அவளைத் தொடவில்லை. மெயினை அணைத்தாலும் அடிபட்ட உடம்பில் கொஞ்ச நேரம் கரண்டு இருக்கும், தொட்டால் தொட்டவர்களையும் பிடித்துக்கொள்ளும் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். யாரோ "தொடாதீங்க" என்றார்கள், அது என் குரலாகக்கூட இருக்கலாம். காய்ந்த போர்வையைத் தேடி, அவள் மேல் போட்டுச் சுருட்டி இழுத்தோம். இழுத்து எங்கே கொண்டுபோனோம்? வார்டுக்குள் அல்ல. முருங்கை மரத்தடியில் வெறும் மண்ணில் போட்டோம். மண்ணில் போட்டால் உடம்பிலிருக்கிற கரண்டைப் பூமி இழுத்துக்கொள்ளும் என்று நம்பி, ஈர மண்ணை அள்ளி அள்ளிக் காலில் அப்பினோம். வெள்ளைச் சேலை கட்டின ஏழு நர்ஸுகள் சுற்றி உட்கார்ந்து மண் அள்ளிப் போட்டோம்.

மாடி ஜன்னலிலிருந்து ஒரு நோயாளியின் தாயார், "சிஸ்டர், ஏதாவது செய்ங்க சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தங்கபாய் ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டி வந்து மூக்கில் குழாயை வைத்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது, கருத்தம்மா வாங்கவில்லை. வாங்குவதற்கு மூச்சு வேண்டுமே. டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டால், அவிய சஞ்சீவி மலைப் பக்கம் நடக்கப் போயிருக்காக என்றார்கள்.

மருந்துக்கடை மச்சினனும் தம்பி மருமகளும் பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். அப்போதுதான் அரவிந்தவல்லி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தோம். தெய்வமே வந்த மாதிரி இருந்தது எனக்கு. "ஏட்டி அரவிந்தம், நீ மதுரைக்குப் போயிட்டு வந்தவதானே, என்ன செய்யணும் சொல்லு" என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். அவள் கருத்தம்மாவின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"அமுக்குட்டி" என்றேன்.

"அந்தப் பொம்மைல எங்க அமுக்கணும்னு கோடு போட்டிருந்துதுடி அழகு" என்றாள். "இங்க எதுன்னு நேக்குத் தெரியலையே."

மேலே கொஞ்சம் அமுக்கினாள், கீழே கொஞ்சம் அமுக்கினாள். எலும்பு முறிந்துவிடுமோ என்று பயந்து கையை எடுத்துவிட்டாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாங்களும் அழுதோம். டாக்டர் கார் வந்து நின்றபோது கருத்தம்மாவின் கண் பாதி திறந்து மழைத் தண்ணீர் கட்டியிருந்தது.

டாக்டர் அவள் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், காலில் இருந்த மண்ணைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார். "மெயினை அணைச்ச பொறவு ஒடம்புல ஏதுடி கரண்டு? படிச்ச முண்டைகளா நீங்க? அப்பவே நெஞ்சை அமுக்கி மூச்சுக் கொடுத்திருந்தா ஒருவேளை பொழச்சிருப்பா" என்றார். இப்படித்தான் எங்களுக்கு அது தெரிய வந்தது. செத்தவளுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, பிழைக்கவைக்க வழி இருந்தது என்று சொன்னார். அந்த வார்த்தையை நாங்கள் போய்க் கேட்ட அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன கேடு இந்த மனுஷனுக்கு?

கருத்தம்மாவின் புருஷன் மாரிசாமி அண்ணன் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்தார். பஞ்சுத் தூசி தலையெல்லாம் அப்பியிருக்க, அப்படியே ஓடிவந்தார். கத்தவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. அவளைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அம்புட்டுப் பேரு இருந்தீகளே தாயி. நர்ஸுக அம்புட்டுப் பேரும் இருந்தீகளே. என்ன செஞ்சீக?"

நான் கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தேன். போஸ்ட்மார்ட்டத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வந்துவிட்டது, அவரும் ஏறிப் போய்விட்டார்.

மத்தியானம் டாக்டர் எங்களைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். குரல் இப்போது இறங்கியிருந்தது. நாளைக் காலையில் போலீஸ் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார், யாரும் பதற வேண்டாம் என்றார். ஹீட்டரில் கோளாறு எதுவும் இல்லை, கருத்தம்மாவுக்கு அடிக்கடி மயக்கம் வரும், அன்றைக்கும் மயங்கித்தான் டிரம்மைப் பிடித்தாள், பயிற்சி பெற்ற நர்ஸ் அரவிந்தவல்லி உடனே முறைப்படி முதலுதவி கொடுத்தாள், பலிக்கவில்லை. இதுதான் சொல்ல வேண்டியது.

"வேற மாதிரி சொல்லலாம்னு யாருக்காச்சும் தோணுனா ஒண்ணு நெனச்சுக்கோங்க" என்றார். "முதலுதவி செய்யலைன்னு சொன்னா, செய்யாம நின்னது நீங்க. நர்ஸ் சேலையக் கட்டிக்கிட்டு மண்ணள்ளிப் போட்டது நீங்க. மொதல்ல ஜெயிலுக்குப் போறதும் நீங்கதான். நான் அந்த நேரம் ஆஸ்பத்திரியிலயே இல்ல."

கொல்லையில் துவைக்காத துணி மூட்டை மூட்டையாய்க் கிடந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தோம். ஒருத்திக்கு ஒருத்தி முகம் பார்க்கவில்லை. டாக்டர் கடைசியாக மிரட்டினதில் பொய் எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அதுதான் பெரிய கொடுமை. மண் அள்ளிப் போட்டது நாங்கள்தான். எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போய் வருஷம் ஆகிறது, ஆளும் வரவில்லை, கடுதாசியும் வரவில்லை. இந்த வேலையும் போனால் நான் பஞ்சு மில் கேட்டில் போய் நிற்க வேண்டும், அங்கேயும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கபாய், ஜெயில் என்ற பேச்சு வ. புதுப்பட்டிக்குப் போனால் கல்யாணம் நின்றுவிடும் என்று விசும்பினாள். அவர் சொல்கிறபடியே சொல்லிவிடலாம், செத்தவள் திரும்பி வரவா போகிறாள் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். தப்பென்று நான் அவர்களைச் சொல்ல மாட்டேன். வயிறு இருக்கிறவர்களுக்குத் தோன்றுவதுதான்.

அரவிந்தவல்லி அங்கே வந்தாள். துணி மூட்டைப் பக்கம் அவள் வந்து நான் பார்த்ததே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். மதுரையில் ஹால் நிறைய ஆட்கள், பொம்மை ஒன்றே ஒன்று. ஆளுக்கு ஒரு தரம் அமுக்க விட்டார்கள். முடித்ததும் அவர்களே, இது போதாது, உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாருமாகச் சேர்ந்து வாரா வாரம் பழகுங்கள், பழகாவிட்டால் கை மறந்துவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். வந்து டாக்டரிடம் சொன்னாளாம். மாட்டியாச்சுல்ல, அது போதும் என்றாராம்.

"நான் முறைப்படி செய்தேன்னு சொன்னா நேக்கு ஒண்ணும் ஆகாது. இன்னும் மரியாதைதான் கூடும்" என்றாள். "ஆனா அழகு, இன்னொரு நாள் இதே மாதிரி ஒருத்தர் விழுந்தா, எல்லாரும் என்னைத்தானே பார்ப்பா?"

எழுந்து துணியைத் துவைத்தோம். கருத்தம்மா இல்லாவிட்டாலும் வார்டில் பிள்ளை பெற்றவளுக்குத் துணி வேண்டும். ஹீட்டரைத் தொடாமல் விறகு மூட்டிக் காய்ச்சினோம், புகை ஸ்பெஷல் ரூம் வரைக்கும் போனது, போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்து முன்ஹாலில் உட்கார்ந்தார். டாக்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டு, சுவரில் இருந்த சர்டிபிகேட்டுகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். காப்பி வந்தது. அரவிந்தவல்லியைக் கூப்பிட்டார்கள்.

"முதலுதவி கொடுத்தது நீதானாம்மா?"

"இல்லை சார். கையை வச்சேன். என்ன செய்யணும்னு நேக்குத் தெரியாது."

டாக்டர் சிரித்துக்கொண்டே, பிள்ளை பயந்துபோயிருக்கிறாள் என்றார். இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். "அப்போ வேற யார் செஞ்சது?"

என் கால் தன்னால் முன்னே போனது. தைரியம் என்று சொல்ல மாட்டேன். முந்தின நாள் மாரிசாமி அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நின்றேனே, அதை இங்கேயாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. "யாரும் செய்யல சார். எங்களுக்குத் தெரியாது. யாரும் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. கேட்டோம், அனுப்பல" என்றேன். ஹீட்டர் ஒயரைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் எழுந்துவிட்டார். "நீ நர்ஸுதானடி, ஒனக்கே தெரியாதா?" என்றார், எல்லார் முன்னாலும்.

"நான் நர்ஸு இல்ல சார். நீங்கதான் எனக்குச் சேலையக் கட்டிவிட்டீங்க."

எனக்குப் பின்னாலிருந்து தங்கபாய், "எனக்கும் தெரியாது சார்" என்றாள். அப்புறம் மாடிப்படியில் நின்றவள் சொன்னாள், லேபர் ரூம் வாசலில் நின்றவள் சொன்னாள். அவர் சொல்கிறபடியே சொல்லிவிடலாம் என்று நேற்று சொன்னவர்களும் சொன்னார்கள். தெரியாது, தெரியாது என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னதற்கு அடி வாங்கியிருக்கிறோம். வெட்கம்தான். ஆனால் எல்லாரும் சேர்ந்து சொன்னபோது அதை யாராலும் எங்கள் தலையில் மட்டும் கட்ட முடியவில்லை. இன்ஸ்பெக்டர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். என்ன எழுதினாரோ, யாருக்காக எழுதினாரோ, நாங்கள் அறியோம்.

அவர் ஜீப் போனதும் டாக்டர் எங்களை வெளியே போகச் சொன்னார். அரவிந்தவல்லியையும் சேர்த்துத்தான். கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்துக்குக் கீழே ஈரத்தரையில் உட்கார்ந்தோம். வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும், கருத்தம்மா குடும்பத்துக்கு நியாயம் செய்ய வேண்டும், எங்கள் எல்லாருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். மூன்றையும் யார் கேட்டாலும் சொன்னோம். வார்டில் படுத்திருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? மூன்று மூன்று பேராக உள்ளே போய் ஊசியையும் டிரிப்பையும் பார்த்துவிட்டு வருவது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். சோலைச்சாமி முதலாளியைக் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

சாயங்காலம் போல் மாரிசாமி அண்ணன் வந்தார். அடக்கம் முடிந்து நேரே வந்திருந்தார், பின்னால் அவருடைய தறிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். இன்ஸ்பெக்டரிடம் சொன்னது ஒன்றும் பெரிசில்லை, இவரிடம் சொல்வதுதான் எனக்கு உயிர் போகிற காரியமாக இருந்தது. எழுந்து நின்று, மறைக்காமல் சொன்னேன். தொடப் பயந்ததைச் சொன்னேன், மண்ணில் போட்டதைச் சொன்னேன், அது தப்பென்று அப்புறம் தெரிந்ததையும் சொன்னேன். எங்களை அவர் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் டாக்டர் கேட்டுக்கு வந்துவிட்டார். "மாரிசாமி, இவளுக கூட ஒனக்கு என்ன பேச்சு? உள்ள வா. ஒனக்கு வேண்டியதை நான் செய்றேன்" என்றார்.

மாரிசாமி அண்ணன் நகரவில்லை. "எனக்கு வேண்டியதை ஒங்களால தர முடியாதுங்க" என்றார். "இவுகளுக்குச் சொல்லிக் குடுங்க. நாளைக்கு இன்னொருத்தி விழுந்தா, இவுகதான் பக்கத்துல நிப்பாக."

டாக்டர் உள்ளே போனார். போனவர் என்ன செய்வார், மறுநாள் எங்களுக்கு வேலை உண்டா, ஜெயிலா, ஒன்றும் தெரியாது. மாரிசாமி அண்ணன் என் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தார். தறிக்காரர்களையும் உட்காரச் சொன்னார். தங்கபாய் முறை வந்தது, எழுந்து சேலையை உதறிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.